தெருமுனைக் கடையில் மாசம் 7,000 ரூபாய் போகுது: எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

மேடவாக்கம் மலர்:
எல்லாருக்கும் வணக்கம். மாச மளிகையை ஒண்ணாந்தேதி வாக்கில் பெரிய கடையில் மொத்தமா வாங்கிப் போட்டுடறோம். அதுக்கு மேல எல்லாத்துக்கும் எங்க தெருமுனை அண்ணாச்சி கடைதான். பால், தயிர், முட்டை, நடுவுல தீர்ந்துபோன கடுகு, பையனுக்கு பென்சில், மாமியாருக்கு வெத்தலை. "அங்க என்ன பெருசா செலவாகப் போகுது"ன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேன்.

போன மாசம் ஒரு நோட்டுப் போட்டு, யார் கடைக்குப் போனாலும் வந்த உடனே எழுதணும்னு வீட்ல சொல்லிட்டேன். 30 நாள்ல 58 தடவை போயிருக்கோம். மொத்தம் 7,215 ரூபாய். இதுதான் வேணும்னு கிளம்பிப்போய் வாங்கினது 5,040. போன இடத்துல கண்ணுல பட்டு வாங்கினது 2,175. பத்து ரூபாய் சிப்ஸ், அஞ்சு ரூபாய் கேக், ஜூஸ் டப்பா, இப்படியே. ஜிபேல 20, 35, 48ன்னு போறதால கையில தெரியவே இல்ல.

அந்தக் கடையை விடற எண்ணம் இல்ல. 2020 ஊரடங்குல வாசல்ல கொண்டுவந்து வெச்சிட்டுப் போனவர் அவர். அவர்கிட்டயே வாங்கி எப்படிக் குறைக்கிறதுன்னுதான் கேக்கறேன். இன்னொண்ணு, பால் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் கூட வாங்கறாங்க. அது சரியா?

கோவை சுகுணா:
மலர், முதல்ல அந்த நோட்டுக்கு ஒரு சபாஷ்ங்க. பாதி வேலை அதுலயே முடிஞ்சுது.

எங்க வீட்ல பண்ணினதைச் சொல்றேன். ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு சீட்டு. தீரப்போற சாமானை அதுல எழுதிடணும். கடைக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான், சாயந்தரம் ஆறு மணிக்கு. அதுக்கப்புறம் கொத்தமல்லி இல்லைன்னா ரசம் கொத்தமல்லி இல்லாமதான். முதல் வாரம் கஷ்டமா இருந்துது, அப்புறம் பழகிருச்சுங்க. நீங்க 58 தடவை போனதுல பாதி தடவை போகாம இருந்தாலே அந்த 2,175-ல பெரும்பகுதி தானா நின்னுரும். கடைல விலை அதிகம்னு இல்லீங்க, வாசப்படி ஏறினா ஒண்ணு வாங்காம இறங்கறதில்ல நம்ம.

ஹாஸ்டல்_கார்த்தி:
நான் பெருங்குடியில பிஜில இருக்கேன். சமைக்க வழியில்ல, அதனால எல்லாமே சின்ன பாக்கெட்தான். ஷாம்பு, காபித்தூள், பேஸ்ட் எல்லாம் சாஷே. "பாட்டில் வாங்குடா, சாஷே வாங்கிக் காசைக் கரியாக்காத"ன்னு அம்மா போன்ல திட்டறாங்க. யாராவது கணக்குப் பாத்திருக்கீங்களா?

ஓய்வு ஆசிரியர்:
தம்பி கார்த்தி, ஷாம்பு விஷயத்தில் கணக்கு உங்கள் பக்கம்.

நேற்று எங்கள் வீட்டில் இருந்த இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். சாஷே 2 ரூபாய், 6 மில்லி. அதே ஷாம்பு பாட்டில் 180 மில்லி, 120 ரூபாய். முப்பது சாஷே சேர்ந்தால் 180 மில்லி. விலை 60 ரூபாய். பாட்டிலில் சரிபாதி. பெரிதாக வாங்கினால் மலிவு என்று நாம் வகுப்பில் போட்ட கணக்கு இங்கே தலைகீழ்.

நம் ஊருக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. ஷாம்பு சாஷேயைப் பரவலாக்கியவர்களில் முன்னோடி கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு தொடங்கிய நிறுவனம்தான் சிக் ஷாம்புவைக் கொண்டுவந்தது. பாட்டில் வாங்க முடியாத வீடுகளில் நுழைவதற்காக வந்த பொருள் அது. அதனால் 1 ரூபாய், 2 ரூபாய் என்கிற அந்த எண்ணை உயர்த்த இன்றுவரை நிறுவனங்கள் தயங்குகின்றன.

ஆனால் எல்லாச் சின்ன பாக்கெட்டும் இப்படி இல்லை. நெய் 50 மில்லி 48 ரூபாய்க்கு வாங்கினேன்; அரை லிட்டர் 360. முதலாவதில் மில்லி 96 காசு, இரண்டாவதில் 72 காசு. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகப் போட வேண்டிய கணக்கு இது.

ஹாஸ்டல்_கார்த்தி:
சார், சூப்பர். இதை அப்படியே அம்மாவுக்கு அனுப்பிட்டேன்.

புதுச்சேரி வாணி:
சாஷே மலிவுதான், ஒத்துக்கறேன். ஆனா எங்க தெரு வாய்க்கால் மழைக்கு முன்னாடி தூர் வாரும்போது வர்ற குப்பையில பாதி அந்தச் சின்னச் சின்ன உறைதான். பல அடுக்கு பிளாஸ்டிக், பழைய பேப்பர்காரரும் எடுக்க மாட்டார். வீட்ல நாலு பேர் இருந்தா ஒரு பழைய பாட்டில்ல பத்து சாஷே ஊத்தி வெச்சுக்கிட்டு, உறைகளை ஒரே கவர்ல சேர்த்துத் தூய்மைப் பணியாளர்கிட்ட கொடுங்க. கண்ட இடத்துல கிழிச்சுப் போடறதாவது குறையும்.

மளிகை_செல்வம்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கடைக்காரன். ஊரு சாத்தான்குளம் பக்கம், சென்னைல அப்பா ஆரம்பிச்ச கடையை 14 வருஷமா பாக்கேன். வாங்கறவங்க பக்கம் மட்டும் பேசினா பாதிக் கதைதான் வரும், அதான் எழுதுதேன்.

மலர் அக்கா, பால் விஷயம். சட்டப்படி அது தப்பு, அதுல ரெண்டு பேச்சு இல்ல. எங்க கடையில வாங்கறதில்ல. ஆனா ஏன் சில பேர் வாங்குதாங்கன்னு சொல்லுதேன். பால்ல பாக்கெட்டுக்கு ஒரு ரூபா கூட எங்களுக்கு நிக்காது. விடிகாலை மூணு மணிக்கு டப் வந்திரும், எழுந்து எடுத்து வைக்கணும். நாலு பாக்கெட் ஒழுகிப்போனா அன்னைக்கு லாபம் போச்சு. ஃப்ரிட்ஜ் ஓடுற கரண்டு கடைக் கணக்குல, வீட்டு ரேட்டு கிடையாது. அதைத்தான் "கூலிங் சார்ஜ்"னு வாங்குதாங்க. கஷ்டம் உண்மை, அதுக்கு வாடிக்கையாளர் தலையில வைக்கது தப்பு.

அடுத்து மிச்சம் பிடிக்க வழி. எம்ஆர்பிங்கிறது மேல் வரம்பு. அதுக்குக் கீழ விக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் கிடையாது. எண்ணெய், சோப்பு, டீத்தூளு இதுக்கெல்லாம் கம்பெனிக்காரன் எங்களுக்கு ஸ்கீம் தருவான், பன்னெண்டு எடுத்தா ஒண்ணு சும்மான்னு. அந்த வாரம் வந்து கேட்டா ரெண்டு மூணு ரூபா குறைச்சுத் தருவோம். கேக்கறவங்களுக்குத்தான் தருவோம், அதுவும் உண்மை. "அண்ணாச்சி, இந்த வாரம் எதுல ஸ்கீம் வந்திருக்கு"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. சாஷேயும் ஒத்தையா கிழிச்சு வாங்காம சரமா வாங்கினா பல கடையில ஒண்ணு ரெண்டு சேர்த்துத் தருவாங்க.

இன்னொரு முக்கியமான விஷயம். தயவுசெஞ்சு ரூபா சொல்லி வாங்காதீங்க, எடை சொல்லி வாங்குங்க. "இருபது ரூபாய்க்கு சீரகம் கொடுங்க"ன்னு கேட்டா நான் கை அளவுல அள்ளிப் பொட்டலம் கட்டிருவேன். எத்தனை கிராம்னு நீங்க பாக்க மாட்டீங்க, அவசரத்துல நானும் பாக்க மாட்டேன். "சீரகம் 50 கிராம் எவ்வளவு"ன்னு கேட்டா நான் தராசுல வெச்சே ஆகணும், விலையும் சொல்லியே ஆகணும். அடுத்த கடை விலையோட உங்களால ஒப்பிடவும் முடியும்.

மேடவாக்கம் மலர்:
செல்வம் அண்ணா, உங்க பதிலைப் படிச்சிட்டு நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். மாமியார் வாங்கினது பூரா "10 ரூபாய்க்கு மிளகு", "20 ரூபாய்க்குப் பொட்டுக்கடலை"ன்னுதான் எழுதியிருக்கு. ஒரு இடத்துலகூட கிராம் இல்ல. எத்தனை மிளகு வந்துதுன்னு யாருக்குமே தெரியாது!

தராசு:
நான் எடையளவுச் சட்டப் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தவன். தமிழ்நாட்டில் இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. பலருக்கு இது தெரிவதில்லை, காவல் நிலையத்துக்கும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் அலைகிறார்கள்.

பொட்டலப் பொருட்கள் பற்றிய 2011-ஆம் ஆண்டு விதிகளில் 18(2) தெளிவாகச் சொல்கிறது: உறையில் அச்சிட்ட சில்லறை விலைக்கு மேல் யாரும் விற்கக் கூடாது. குளிர வைத்ததற்கு, ராத்திரி கடை திறந்திருப்பதற்கு என்று எந்தப் பெயரிலும் கூடாது. அச்சிட்ட விலையில் எல்லா வரியும் அடக்கம். "ஜிஎஸ்டி தனி" என்று பாக்கெட் பொருளுக்கு யாராவது சொன்னால் அதுவும் தவறு. புகாருக்கு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழில் பேசலாம். பில் இருந்தால் நல்லது. பில் தராத கடையென்றால் ஜிபே பதிவும், பாக்கெட்டில் விலை தெரிகிற போட்டோவும் எடுத்து வையுங்கள். ஆனால் தெருமுனைக் கடை என்றால் முதலில் நேரில் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும்.

இனி யாரும் பார்க்காத ஒரு எண்ணைப் பற்றி. எம்ஆர்பி அச்சிட்ட இடத்தின் பக்கத்திலேயே "யுஎஸ்பி" என்று போட்டு கிராமுக்கோ மில்லிக்கோ எவ்வளவு என்று சிறிய எழுத்தில் இருக்கும். முன்பெல்லாம் பிஸ்கட், டீத்தூள், சோப்பு போன்ற சில பொருட்களை விதியில் சொன்ன அளவுகளில் மட்டுமே பொட்டலம் போட முடியும். 100 கிராம், 200 கிராம் என்று. 2021-இல் செய்த திருத்தம் அந்த அட்டவணையை எடுத்துவிட்டது. எந்த அளவிலும் பொட்டலம் போடலாம் என்றானபின் வாங்குபவர் குழம்பக் கூடாது என்பதற்காகத்தான் ஓரலகு விலையைக் கட்டாயம் ஆக்கினார்கள். 83 கிராம், 47 கிராம் என்று வருகிற பாக்கெட்டுகளை ஒப்பிட இதை விட்டால் வேறு வழியில்லை. இரண்டு பாக்கெட்டைக் கையில் எடுத்து அந்த எண்ணை மட்டும் பாருங்கள். எது மலிவு என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். சின்ன சாஷேக்களில் அது இருக்காது, நாமேதான் வகுத்துப் பார்க்க வேண்டும்.

ஓய்வு ஆசிரியர்:
தராசு ஐயா சொன்னதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. பேரப்பிள்ளைகள் தின்றுவிட்டுப் போடும் பிஸ்கட் உறைகளை, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டி, சில வருடங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரே பிஸ்கட், ஒரே 5 ரூபாய். பழைய உறையில் 65 கிராம், அதற்கடுத்ததில் 55. படம், நிறம், உறையின் நீளம் மூன்றும் கிட்டத்தட்ட அப்படியே. பத்து கிராம் குறைந்தால் ஆறில் ஒரு பங்குக்கு மேல் விலை ஏறிவிட்டது என்று பொருள். ஆனால் கடையில் கொடுத்தது அதே அஞ்சு ரூபாய் நாணயம்தான்.

2025 செப்டம்பர் 22-இல் பிஸ்கட், சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது நினைவிருக்கும். பெரிய பாக்கெட்டுகளில் விலை இறங்கியது. 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுகளில் விலை இறங்குவதைவிட எடை ஏறுவதுதான் அதிகம் நடந்தது. ஆகவே அதற்குப்பின் வாங்கிய உறையில் எடை ஏறியிருக்கிறதா என்று அவரவர் வீட்டில் பார்க்க வேண்டும். விலையும் இறங்காமல் எடையும் ஏறாமல் இருந்தால் அந்த வரிக்குறைப்பு உங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

செல்வி, எண்ணூர்:
எல்லாம் நல்லா சொல்றீங்க. எங்க அம்மா கட்டட வேலைக்குப் போனவங்க. சாயந்தரம் கூலி கையில வந்தப்புறம்தான் கடைக்குப் போவாங்க. பத்து ரூபாய்க்கு எண்ணெய், அஞ்சு ரூபாய்க்குப் பருப்பு. எடை சொல்லி வாங்க அவங்களுக்குத் தெரியாம இல்ல, கையில அவ்வளவுதான் இருந்தது. அதையும் மனசுல வெச்சுப் பேசணும்னு தோணுச்சு.

அப்போ எங்க வரிசையில இருந்த நாலு வீடு சேர்ந்து ஒரு ஏற்பாடு பண்ணினாங்க. சனிக்கிழமை வாரக்கூலி வந்ததும் நாலு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு மூட்டை அரிசி, ரெண்டு கிலோ பருப்பு, ரெண்டு லிட்டர் எண்ணெய். எங்க வீட்டுத் திண்ணையில கோணி விரிச்சு ஆழாக்கால அளந்து பிரிப்பாங்க. நான்தான் எண்ணுவேன், "ஒண்ணு, ரெண்டு"ன்னு சத்தமா, எல்லாருக்கும் கேக்கணும். கடைசியில மிஞ்சினது எந்த வீட்ல கைப்பிள்ளை இருக்கோ அந்த வீட்டுக்கு.

அதுக்கு முன்னாடி கடன் நோட்டுலதான் ஓடுச்சு. கடன் வெச்ச கடையில விலை கேக்கவும் முடியாது, எடை பாக்கவும் முடியாது, அடுத்த கடைக்குப் போகவும் முடியாது. அந்த நோட்டை முடிச்ச மாசத்துலேருந்துதான் அம்மாவால பேரம் பேச முடிஞ்சுது. இப்ப நான் சம்பளம் வாங்கறேன், ஆனா எங்கயும் கடன் சொல்றதில்ல.

மளிகை_செல்வம்:
செல்வி தங்கச்சி, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. கடன் நோட்டு இருக்க வீட்டுக்கு நாங்க ஸ்கீம் கழிக்க மாட்டோம், அதுதான் நடைமுறை. வாரத்துக்கு ஒருதரம் பாக்கிய முடிச்சிருங்க, மாசக் கடைசி வரை இழுக்காதீங்க.

அரிசி மூட்டைன்னு சொன்னதும் ஞாபகம் வந்தது. 2022 ஜூலை 18-லேருந்து 25 கிலோ வரைக்கும் உள்ள, லேபிள் போட்ட அரிசி மூட்டைக்கு 5% ஜிஎஸ்டி. அதுக்கு மேல போனா கிடையாது. அதனாலதான் மார்க்கெட்ல 26 கிலோ மூட்டை வந்துச்சு. மூட்டையா எடுக்கறவங்க 25-ஆ 26-ஆன்னு பாத்து, கிலோவுக்கு வகுத்து எடுங்க. கடையில மூட்டையைப் பிரிச்சு சில்லறையா நிறுத்துத் தரதுக்கும் அந்த வரி இல்ல.

பஸ்_பயணி:
வீட்டுத் தெருவைத் தாண்டி ரோட்டுக்கு வாங்க. நான் மாசம் ரெண்டு தடவை சென்னை–மதுரை பஸ்ல போறவன். ராத்திரி ரெண்டு மணிக்கு விழுப்புரம் தாண்டி ஒரு மோட்டல்ல நிறுத்தினாங்க. முன்னாடி இருக்கற பெட்டிக்கடையில 20 ரூபாய்னு அச்சடிச்ச தண்ணி பாட்டில் 30 ரூபாய். "விலை 20தானே போட்டிருக்கு"ன்னேன். "வேணும்னா எடு, இல்லைன்னா வை"ன்னார். பின்னாடி ஒரு பாட்டி, மாத்திரை போடணும்னு தண்ணிக்கு நிக்கறாங்க. முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்ததை அவிழ்த்து எண்ணினாங்க, 25தான் இருந்தது. அஞ்சு ரூபாயை நான் போட்டேன். அவங்க என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. பத்து ரூபாய் நமக்குப் பெருசில்ல, ஆனா அந்த இடத்துல வேற கடையே கிடையாதுன்னு தெரிஞ்சு வாங்கறதுதான் வயிறு எரியுது.

ஹோட்டல்ல எம்ஆர்பிக்கு மேல வாங்கலாம்னு உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்குன்னு அந்த ஆள் சொன்னார். அது நிஜமா?

தராசு:
பாதி நிஜம். 2017 டிசம்பரில் வந்த தீர்ப்பு அது. ஹோட்டல், உணவகத்தில் உட்கார வைத்துப் பரிமாறும்போது தண்ணீர் பாட்டில் விற்பது வெறும் சரக்கு விற்பனை அல்ல, சேவையும் சேர்ந்தது, அதனால் அங்கே எம்ஆர்பி கட்டாயம் பொருந்தாது என்றது. நின்றபடி காசு கொடுத்து பாட்டிலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிற பெட்டிக்கடைக்கு அந்தத் தீர்ப்பைக் காட்ட முடியாது. அது சாதாரணச் சில்லறை விற்பனை. 2018 ஜனவரி 1-லிருந்து ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு விலை, மோட்டலுக்கு ஒரு விலை என்று இரண்டு எம்ஆர்பி அச்சிடவும் தடை இருக்கிறது. அடுத்த தடவை பாட்டில் போட்டோ, கடையின் பெயர்ப் பலகை, நேரம், பஸ் எண் எல்லாவற்றையும் குறித்து 1915-க்குச் சொல்லுங்கள்.

பஸ்_பயணி:
நன்றி சார். சொல்லிட்டேன்னு வந்து எழுதறேன். இப்போதைக்கு வீட்லேருந்தே ரெண்டு லிட்டர் எடுத்துட்டுப் போறேன். ரயில்ல போறவங்களுக்கு ஒண்ணு: ரயில் நீர் லிட்டர் பாட்டில் 15-லேருந்து 14 ரூபாய் ஆயிடுச்சு, 2025 செப்டம்பர் 22-லேருந்து. அரை லிட்டர் 10-லேருந்து 9. நடைமேடையில இன்னும் 15, 20ன்னு கேட்டா குடுக்காதீங்க.

நாமக்கல் கவிதா:
முட்டையைப் பத்தி யாரும் பேசலையே! எங்க ஊர்ல எல்லாரும் காலையில முதல்ல பாக்கறது முட்டை விலையைத்தான். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு (என்இசிசி) அறிவிக்கிற நாமக்கல் பண்ணை விலை தினமும் பேப்பர்லயும் டிவியிலயும் வரும். அது பண்ணையில் கொள்முதல் பண்ற விலை. வண்டி வாடகை, உடைசல், கடை லாபம் சேர்த்துத்தான் உங்க தெருவுக்கு வரும், அதனால கொஞ்சம் கூட இருக்கறது நியாயம். ஆனா பண்ணை விலை மளமளன்னு இறங்கி ஒரு வாரம் ஆகியும் கடையில பழைய விலையே சொன்னா, தைரியமா கேக்கலாம். "நாமக்கல்ல இறங்கிடுச்சே அண்ணாச்சி"ன்னு ஒரு வார்த்தை போதும்.

புரட்டாசி மாசம் நிறைய பேர் அசைவம் விடறதால விலை பெரும்பாலும் இறங்கும். நாலு பேர் இருக்கற வீடுன்னா ஒண்ணு ஒண்ணா வாங்காதீங்க, 30 முட்டை அட்டையா கேளுங்க. அட்டைக்குத் தனி விலை உண்டு. உடைஞ்ச முட்டை இருக்கான்னு அடியில கை வெச்சுப் பாத்து வாங்குங்க, ஈரமா பட்டா வேண்டாம்.

சேலம் நித்யா:
ரேஷன் கார்டு இருக்கறவங்க துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கறதை விட்டுட்டு, தெருமுனையில கால் கிலோ கால் கிலோவா பருப்பு வாங்கறாங்க. பல வீட்ல பாக்கறேன். வரிசையில நிக்க நேரமில்லைங்கறது புரியுது, ஆனா ஒரு கிலோ பருப்புல மிச்சமாகறது சின்னத் தொகை இல்ல. ரேஷன் பருப்பு வேக நேரம் ஆகும்னு சொல்லுவாங்க. ஒரு மணி நேரம் ஊற வெச்சா குக்கர்ல நல்லாவே குழையுது.

காய்க்கு உழவர் சந்தை. 1999-ல மதுரையில ஆரம்பிச்சது, இப்ப பல மாவட்டத்துல இருக்கு. தினம் போக முடியலைன்னா பரவாயில்ல, விலைப் பலகையை வாரம் ஒரு தடவை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. தெருமுனைக் கடையில தக்காளி விலை சொல்லும்போது நம்மகிட்ட ஒரு கணக்கு இருக்கும்.

ஆவடி ரமேஷ்:
மலர் சிஸ்டர், பாலுக்கு வேற வழி. ஆவின் பால் அட்டை போட்டுடுங்க. நீலப் பாக்கெட் அரை லிட்டர் எம்ஆர்பி 20 ரூபாய், 2021 மே மாசம் லிட்டருக்கு 3 ரூபாய் குறைச்சதுலேருந்து. அட்டைக்கு அதைவிடக் குறைவு, அரை லிட்டர் 18.50. தினம் ஒரு லிட்டர் வாங்கற வீட்டுக்கு மாசம் 90 ரூபாய் மிச்சம். நீங்க பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்கறதும் நின்னா அது ஒரு 60. காலையில பூத்துக்கு நடக்கணும், அது ஒண்ணுதான். முன்பணம் கட்டறதால மாச நடுவுல ஊருக்குப் போறவங்க மட்டும் யோசிச்சுப் போடுங்க.

கோவை சுகுணா:
பையைப் பத்தியும் ஒரு வார்த்தைங்க. 2019 ஜனவரி 1-ல பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததுலேருந்து துணிப்பை இல்லாமப் போனா பைக்குத் தனிக்காசு. ஒவ்வொரு தடவையும் அஞ்சு, பத்துன்னு போகுதுங்க. எங்க வீட்ல செருப்பு வைக்கற இடத்துல ஆணியில மஞ்சப்பை தொங்கும், வண்டிப் பெட்டியில ஒண்ணு. பை சின்னதா இருந்தா வாங்கறதும் குறையுதுங்க, இது என் அனுபவம்.

ஹாஸ்டல்_கார்த்தி:
நான் ஒண்ணு பண்ணிப் பாத்தேன். கடைக்கு போன் எடுத்துட்டுப் போறதில்ல. வாரத்துக்கு 300 ரூபாய் ரொக்கமா எடுத்து ஒரு டப்பாவுல வெச்சிட்டேன். முதல் வாரம் வியாழக்கிழமையே தீர்ந்துடுச்சு. ரெண்டாவது வாரம் ஞாயித்துக்கிழமை 40 ரூபாய் இருந்தது. ஜிபே இருந்தப்போ சில்லறைக்கு மிட்டாய் கொடுக்கற தொல்லை இல்லைன்னு சந்தோஷப்பட்டேன். இப்ப "சில்லறையா கொடுங்கண்ணா, மிட்டாய் வேண்டாம்"னு சொல்லிப் பழகிட்டேன், கொடுத்துடறாரு.

தராசு:
செல்வம் அவர்கள் எடை சொல்லி வாங்கச் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறுக்கும் முன் தட்டு காலியாக இருக்கும்போது 0 காட்டுகிறதா என்று பாருங்கள். டப்பாவில் போட்டு நிறுத்தால் டப்பாவின் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடத்துக்கு ஒரு முறை முத்திரை போட வேண்டும். அந்தச் சான்றிதழைக் கடையில் தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும்.

மளிகை_செல்வம்:
எங்க கடையில சாமி படத்துக்குக் கீழதான் மாட்டியிருக்கு சார். தராசு முகப்பு ரெண்டு பக்கமும் தெரியற மாதிரி வாங்கியிருக்கேன், வர்றவங்களும் பாக்கணும்ல.

மேடவாக்கம் மலர்:
ஒரு மாசம் கழிச்சு வர்றேன். நோட்டு முடிஞ்சுது.

31 தடவை. மொத்தம் 5,390. கிளம்பிப்போய் வாங்கினது 4,780, கண்ணுல பட்டது 610. முந்தின மாசத்தைவிட 1,825 ரூபாய் கம்மி. பெரும்பாலும் சுகுணா அக்கா சொன்ன சாயந்தரம் ஆறு மணி வழக்கம்தான் வேலை செஞ்சிருக்கு. பையனுக்கு வாரம் 40 ரூபாய் அவன் கையிலயே கொடுத்து, எதை வாங்கினாலும் கிராம் பாத்து எழுதுன்னு சொன்னேன். இப்ப கடையில நின்னு ரெண்டு பாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் பாக்கறான். பின்னாடி நிக்கறவங்க அவசரப்படுத்தினா ஒதுங்கி நின்னு பாக்கறான்.

பால் விஷயம் அண்ணாச்சிகிட்ட நானே பேசினேன். கூட்டம் இல்லாத மதியம் போய், "அண்ணாச்சி, பாக்கெட்ல 20 போட்டிருக்கு, 21 வாங்கறீங்களே"ன்னு மெதுவாத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார், கீழ்த்தட்டுல ஒழுகின பாக்கெட் ரெண்டு தனியா எடுத்து வெச்சிருந்தார். "இதை யாரும் எடுத்துக்க மாட்டேங்கறாங்கம்மா"ன்னார். மறுநாள்லேருந்து எங்ககிட்ட 20தான் வாங்கறார். மத்தவங்ககிட்ட எப்படின்னு தெரியல, அடுத்த தடவை அதையும் கேக்கணும்.

மாமியார் மட்டும் இன்னும் "இருபது ரூபாய்க்குப் பொட்டுக்கடலை"ன்னுதான் கேக்கறாங்க. ஆனா வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தை சமையல் தராசுல வெச்சு எழுதி வெச்சிடறாங்க. போன வாரம் 130 கிராம், இந்த வாரம் 145.

செல்வம் அண்ணா, பொட்டுக்கடலை உங்க கடையில 100 கிராம் என்ன விலை?

மளிகை_செல்வம்:
இன்னைக்கு 14 ரூபாக்கா. இந்த வாரம் உங்க அண்ணாச்சி சரியாத்தான் போட்டிருக்காரு.